கரைவலையில் சிக்கிய இத்தாலி

எதுவரைக்கும் படித்திருக்கிறாய் என்று யாராவது கேட்டால், இத்தாலி வரைக்கும் என்று சொல்லிவிடுவேன். கேட்டவர் சிரிப்பார், நானும் கூடச் சிரிப்பேன். ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். கயிறு இழுத்து இழுத்து ரேகை தேய்ந்துபோனதால், ரேஷன் கடை மெஷின்கூட என்னை யாரென்று தெரியாது என்று திருப்பி அனுப்பிவிடும். ஆனால் ஒரு இத்தாலி வினைச்சொல்லைக் கொடுங்கள். நேற்று, இன்று, நாளை எல்லாவற்றுக்கும் அதைப் பிரித்துக் காயப்போட்டுவிடுவேன். இதை நான் அறிவால் படிக்கவில்லை. முழுக்க முழுக்க வயிற்றெரிச்சலால் படித்தேன்.

பாம்பனுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோயிலுக்குப் பின்னால் மணல், மணல் முடிந்தால் கடல். அங்கே கரைவலை இழுப்பார்கள். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் வளைத்து விட்டுவிட்டு வந்து, அதன் இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுக்க வேண்டும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் வலை வராது, இடுப்புதான் போகும். அதனால் ஒருவர் அம்பா என்கிற இழுவைப்பாட்டுச் சொல்வார். அவர் ஒரு வரி போட, வரியின் கடைசிச் சத்தத்தில் இரண்டு கயிறும் ஒன்றாகப் பின்னால் போகும். அப்படிச் சொல்கிறவருக்கு ஒரு மரியாதை உண்டு. வலையின் பையான மடி கரையேறி மீனைக் கொட்டியதும், முதல் மீனை அவர்தான் எடுப்பார். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியே ஆனாலும் அதற்குப் பிறகுதான் கை வைக்கலாம்.

அதுவரை அம்பா சொன்ன என் அய்யாவுக்கு இருமல் வந்து தொண்டை கட்டியபோது அந்த இடம் எனக்கு வந்தது. என் உடம்பில் வயதுக்கு மீறி வளர்ந்திருந்தது தொண்டை மட்டும்தான். நான் போடும் வரிகளில் சாமியும் இல்லை, கடலும் இல்லை. கயிற்றில் நிற்கிறவர்களையே இழுத்துவைத்துப் பாடுவேன்.

"முன்னால நிக்கிற மாமனுக்கு முதுகு தேய்க்க ஆளு இல்ல!"

"ஏலேலோ!"

"தேய்க்கப் போன அத்தைக்குத் தேங்கா நாரு பத்தவில்ல!"

"ஏலேலோ!"

சிரித்துக்கொண்டே இழுப்பார்கள். வலை ஏறும். நான் தோளை விரித்துக்கொண்டு போய் நல்ல விளைமீனாக ஒன்றைத் தூக்குவேன். உலகத்தில் இதைவிடப் பெரிய பதவி இருப்பதாக எனக்கு அப்போது தெரியாது.

அப்படி இருக்கையில்தான் அக்கா மதுரையில் நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு வந்து சேர்ந்தாள். இத்தாலியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஆனால் அங்கே உள்ளவர்கள் போனில் முகம் பார்த்துப் பரீட்சை வைத்து, பாஷை தெரிகிறது என்று சொன்னால்தான் கூப்பிடுவார்கள். மதுரை கன்னியர் மடத்தில் இத்தாலியில் இருந்துவிட்டு வந்த சிஸ்டர் ஒருவர் சாயங்காலம் போனிலேயே பாடம் நடத்துவார். வீட்டில் அந்த நேரத்துக்கு டிவி கிடையாது. அம்மா மிக்சி போட மாட்டாள். நான் தும்மினால்கூட அடி விழும்.

பாடம் முழுக்க வினைச்சொல்தான். மீனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலிக்காரன் சொல்லுக்கு மூன்று வகை வால் உண்டு: ஆரே, எரே, இரே. அந்த வாலை நறுக்கிவிட்டு, நான் என்றால் ஒரு வால், நீ என்றால் ஒரு வால், நாங்கள் என்றால் ஒரு வால் என்று வேறு வால் ஒட்ட வேண்டும். பேசுவதற்குப் பார்லாரே. நான் பேசினால் பார்லோ, நீ பேசினால் பார்லி, அவள் பேசினால் பார்லா. நேற்றைக்கு வேறு வால், நாளைக்கு வேறு வால். பேசினாலும் பேசலாம் என்று இழுக்கிறவனுக்குத் தனி வால். அக்காவுக்கு உட்கார்ந்து படித்தால் ஒரு வாலும் நிற்கவில்லை. தலையில் அடித்துக்கொள்வாள்.

ஒருநாள் காலையில் அவளும் கயிற்றுக்கு வந்தாள். என் வரிசையில் நின்று இழுத்துக்கொண்டே வாய்க்குள் முணுமுணுத்தாள். அய்யாதான் ஆரம்பித்து வைத்தார்.

"என்னத்தா வாய்க்குள்ளயே மெல்லுற? சத்தமாத்தான் சொல்லேன். நாங்க என்ன வாத்தியாரா, பிரம்ப எடுக்க?"

அக்கா சொன்னாள். இழுப்பதற்கு தீராரே. "தீரோ!" என்றாள். கயிறு வந்தது. "தீரி!" வந்தது. "தீரா!" வந்தது. "தீரியாமோ!" என்றபோது வரிசை மொத்தமும் "யாமோ!" என்று அலறியது. மாமாக்கள், அத்தைகள், சம்மாட்டி, எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. என் முதுகு தேய்க்கும் பாட்டை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு மடி கொட்டியதும் வழக்கம்போல நான் முன்னால் போனேன்.

"ஏலே, நில்லு," என்றார் சம்மாட்டி. "அம்பா சொன்னது யாரு? நீ எடு தாயி."

அக்கா என் விளைமீனை எடுத்தாள். வீட்டில் அம்மா அதைப் பொரித்ததும், அக்கா வயிற்றுப் பக்கத்தைப் பிய்த்து என் தட்டில் வைத்தாள். நான் தள்ளிவிட்டேன். அவள் மறுபடி வைத்தாள். நான் பூனைக்குப் போட்டேன். பூனைக்கு இத்தாலி மேல் எந்தக் கோபமும் இல்லை.

பிறகு தினமும் இதே கூத்து. சைக்கிளில் மீன் எடுக்க வருகிறவர்கூட "பார்லோ, பார்லி" என்று மணியடித்துக்கொண்டு போனார். நான் கயிற்றின் கடைசியில், கயிறு சுருட்டும் இடத்தில் உம்மென்று நின்று, அவள் சொல்வதையெல்லாம் முகத்தைக் கோணி நொடித்துக் காட்டுவேன். நொடிப்பதற்குக்கூட முதலில் ஒழுங்காகக் கேட்க வேண்டுமே. அப்படித்தான் எல்லா வாலும் என் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது. அர்த்தம் ஒன்றும் தெரியாது.

மாதா என் பக்கம்தான் இருந்தாள். காற்று பலமாக அடித்த ஒரு காலையில், அக்காவுக்கு முன்னொரு காலத்து வால்களைச் சொல்லிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. பார்லாவோ, பார்லாவி என்று நீளமான வால்கள். நடுவில் ஏறிக் கடைசியில் இறங்கும். பக்கத்து வரிசை நடுச்சத்தத்தில் இழுத்தது. தூரத்து வரிசைக்குக் காற்றில் கடைசிச் சத்தம்தான் போனது. வலை ஒருபக்கம் சாய்ந்து வந்தது. உள்ளே வகையாக மடவை மீன். சாய்ந்த பக்கமாக ஒன்று குதித்தது, பிறகு எல்லாம் குதித்தது. கண் முன்னால் வெள்ளி வெள்ளியாகத் தாண்டிப் போனது. மடியில் மிஞ்சியது பாசியும் நாலு காரல் பொடிமீனும்தான்.

சம்மாட்டி துண்டை உதறினார்.

"படிப்ப வீட்டோட வச்சுக்க தாயி. இங்கன நாப்பது வயிறு நிக்கிது. ஏலே தொண்டைக்காரா, நாளையிலருந்து நீயே சொல்லு."

என்னால் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் போன் பாடத்தில் அக்கா திணறினாள். காலுக்கடியில் மணல் இல்லை, கையில் கயிறு இல்லை. தூங்குவதற்கு தோர்மீரே. தோர்மோ, தோர்மி, தோர்மே, தோர்மியாமோ வரைக்கும் வந்தாள். நின்றுவிட்டது. போனில் சிஸ்டர் காத்திருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து ஜெபமாலையோடு எட்டிப் பார்த்தாள். பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. நான் வாசலில் உட்கார்ந்து கால் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். இவ்வளவுதானா உன் படிப்பு என்று காட்ட வாய் ஊறியது.

"தோர்மீத்தே! தோர்மொனோ!" என்று கத்தினேன்.

போனில் சிஸ்டர் கேட்டார். "யாரது பக்கத்துல? உச்சரிப்பு நல்லாருக்கே! உன்னவிட நல்லாருக்கே!"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் கழுவாமல் வைத்திருக்கிறேன். என் வாழ்நாளில் என்னைப் பார்த்து ஒருவருக்கு வயிறு எரிந்தது அதுதான் முதல் தடவை. அல்வா தின்றதுபோல இருந்தது. இன்னும் வேண்டும்போல இருந்தது.

மறுநாள் கயிற்றில் நான் முதுகு தேய்க்கும் பாட்டைப் போடவில்லை. வினைச்சொல்லையே போட்டேன். ஆனால் கயிற்றுக்குத் தெரிந்த கணக்கில், தூரத்து வரிசைக்கும் கேட்கிற மாதிரி, நீளமான வாலையெல்லாம் இரண்டாக மடித்துக் கடைசியில் ஓங்கிப் போட்டேன். வலை நேராக வந்ததால் சம்மாட்டியும் தலையாட்டிவிட்டார். சொல்லை நான் சொல்வேன், வாலை அக்கா சொல்ல வேண்டும், அதில் எல்லோரும் இழுப்பார்கள். அவள் தப்பினால் நானே சரியான வாலைப் போட்டுக் கயிற்றைக் காப்பாற்றிவிட்டு, கடற்கரை முழுக்கக் கேட்கும்படி சொல்வேன்.

"நர்ஸம்மாவுக்கு வாலு கழண்டுபோச்சு!"

"ஏலேலோ!"

"சிரிக்காதடா, மூதேவி! நாளைக்குப் பாரு," என்று பல்லைக் கடிப்பாள். வீட்டுக்கு வந்ததும் என்னை ஜெயிப்பதற்காகவே படிப்பாள். நான் முதல் மீனைத் தட்டில் வைத்து, அவள் முன்னால் சம்மணம் போட்டு, முள்முள்ளாக உறிஞ்சித் தின்பேன். அவள் பார்க்காததுபோலப் பார்ப்பாள். அப்படி ஒரு ருசி எந்த மீனுக்கும் இருந்ததில்லை. கடைசி இரண்டு நாளில் அவளுக்கு ஒரு வாலும் தப்பவில்லை. எனக்குத்தான் தொண்டை கட்டியது.

பரீட்சையில் கேள்வி கேட்ட இத்தாலிக்காரி, ஏன் ஒவ்வொரு பதிலுக்கும் உடம்பைப் பின்னால் சாய்க்கிறாய் என்று கேட்டாளாம். பாஸ் போட்டுவிட்டாள். ஊரே வந்து அக்காவைக் காரில் ஏற்றியது. அய்யா இருமிக்கொண்டே இருந்தார், இருமல் இல்லாத இருமல். அக்கா என் காதைத் திருகி, "இனி ஒனக்குப் போட்டியே இல்லடா, சந்தோஷமா?" என்றாள். சந்தோஷம்தான் என்றேன். பொய்யில்லை.

மறுநாள் காலையில் அம்பா முழுக்க முழுக்க என்னுடையது. யாரும் பதில் வால் சொல்லவில்லை, ஏலேலோ மட்டும்தான். மடி நிறைய மீன். இருந்ததிலேயே பெரிய விளைமீனாகத் தூக்கிக்கொண்டு ஓடினேன். முடுக்கு திரும்பும்போதே கத்தினேன்.

"ஏய் நர்ஸம்மா! இன்னைக்கு எம்புட்டுப் பெருசுன்னு வந்து பாரு!"

அம்மா மட்டும் வெளியே வந்து மீனை வாங்கிக்கொண்டாள். பொரித்து முழுதாக என் தட்டில் வைத்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன். துப்பினேன்.

"என்னம்மா இது, உப்பே போடல?"

அம்மா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தாள். எதிரே காலியாகக் கிடந்த பாயை ஒருமுறை பார்த்தாள்.

"உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. தின்னுட்டு எந்திரி."

இல்லவே இல்லை, நீ மறந்துவிட்டாய் என்று அவளோடு அன்று மத்தியானம் வரைக்கும் சண்டை போட்டேன்.