மாளிகைப் படியில் கரிகாலன்

கோசலை பாரிசுக்கு வந்து இருபத்தொரு வருடம். தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை. திங்கட்கிழமை மட்டும் ஓய்வு. அன்றைக்கும் உடுப்புத் தோய்ப்பதோடு பொழுது போய்விடும். அந்த ஒக்டோபரில், கூட வேலை செய்யும் தர்மிளா விடவில்லை.

"அக்கா, திங்கள் ஊர்ச் சங்கத்தாலை சுற்றுலா பஸ் போகுது. முன்னூறு வருசத்து ஷத்தோவாம், பிரபு ஒருத்தன்ரை மாளிகை. மரமெல்லாம் சிவந்து நிக்கிற நேரம். வாங்கோ."

மாளிகைக்குள்ளே அந்தக் காலத்துப் பிரபுவின் கட்டிலையும் மங்கிப்போன கண்ணாடிகளையும் பார்த்துப் பார்த்துக் கோசலைக்குக் கால் உளைந்தது. தனியாக வெளியே வந்தாள். மஞ்சளும் சிவப்புமாக இலைகள் கொட்டி, படி எது தரை எது என்று தெரியவில்லை. ஈர இலையில் கால் வைத்ததும் சறுக்கி விழுந்தாள். சருகு வாரிக்கொண்டிருந்த தோட்டக்காரன் ஓடிவந்து, பிரெஞ்சில் ஏதோ கேட்டபடி கையைப் பிடித்துத் தூக்கினான்.

நன்றி சொல்ல நிமிர்ந்தாள். ஐம்பது வயதில் செத்துப்போன அப்பா, பச்சைச் சீருடை போட்டுக்கொண்டு எதிரே நின்றார்.

"கரி?"

அவன் பிடித்திருந்த கையை விட்டான். "அக்கா" என்றான் அவன், மிக மெல்ல.

இரண்டாயிரமாம் ஆண்டு அவளுடைய இரண்டு தம்பிமாரும், கரிகாலனும் தனோஜனும், களவாக வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டவர்கள். உக்ரைனிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அதோடு சரி. இருவரும் செத்துவிட்டார்கள் என்றே ஊரில் எல்லோரும் முடிவுகட்டினார்கள். அம்மா மட்டும் படத்துக்கு மாலை போட விடவில்லை.

"எத்தினை வருசமடா இஞ்சை?"

"பதினெட்டு."

ஒரு மணி நேரப் பயண தூரத்தில், பதினெட்டு வருடம்!

"உன்னை ஒருக்கால் கண்டனான் அக்கா. ரூ பஜோல் தெருவிலை, கோயில் தேர் அண்டைக்கு. கிட்ட வந்திட்டுத் திரும்பிப் போட்டன்."

"ஏன்டா? தனோ எங்கை?"

அவன் சருகுகளையே பார்த்துக்கொண்டு நின்றான். "எல்லை தாண்டப் பனிக்குள்ளை மூண்டு நாள் நடந்தனாங்கள். அவனுக்குக் கடும் காய்ச்சல், நடக்கேலாது. விட்டிட்டு வா, இல்லாட்டி ரெண்டு பேரும் கிடவுங்கோ எண்டான் ஏஜென்சிக்காரன்."

"பேந்து?"

"வந்திட்டன். அவன் சாகேல்லை அக்கா, அப்ப. கூப்பிட்டுக்கொண்டு கிடந்தவன்."

கோசலை இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் குத்தினாள். அவன் தடுக்கவில்லை. மாளிகை பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் விலகி நின்று பார்த்தார்கள். தர்மிளா ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா?" என்று கேட்டான் கரிகாலன்.

"போன வைகாசியிலை செத்துப்போனா."

அவன் அந்த ஈரப் படியிலேயே அமர்ந்துவிட்டான்.

பஸ் புறப்படுமுன் கோசலை தன் விலாசத்தை ஒரு கடதாசித் துண்டில் எழுதி அவன் கைக்குள் வைத்தாள். ஏன் கொடுத்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

அடுத்த திங்கள் அவன் வந்தான். சோறு போட்டாள். அவன் சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்தான். பிறகுதான் அவள் கேட்டாள்:

"அவனை விட்ட இடத்தின்ரை பேர் என்ன?"

கரிகாலனுக்கு அது தெரிந்திருக்கவில்லை.