அவள் திருப்பி நீட்டிய மல்லிகை

தொண்ணூறுகளின் கடைசியில், ஒய்டூகே கம்ப்யூட்டர் வேலை என்று ஊர்ப்பட்ட பேர் அமெரிக்காவில் வந்து இறங்கிய நேரம். நாங்கள் அப்போது ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டில் இருந்தோம். மே மாதக் கடைசியில் வரும் லாங் வீக்கெண்டில், ஹூஸ்டன் தமிழ்ப் பெண்களுக்கும் டாலஸ் பக்கத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் பார்க்கில் த்ரோபால் போட்டி நடக்கும். அமெரிக்காக்காரர்களுக்கு அந்த விளையாட்டின் பெயர்கூடத் தெரியாது. எங்களுக்கோ அதுதான் உயிர். காலேஜில் ஆடியதோடு சரி, அப்புறம் கல்யாணம், குழந்தை, கிரீன் கார்டு என்று ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் சொந்த நாள். நான் ஹூஸ்டன் டீமின் கேப்டன். வருடா வருடம் தோற்றுக்கொண்டிருந்த கேப்டன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் டீம் வந்ததும் வரிசையாக நிற்க வைத்து, குங்குமம் கொடுத்து, தலையில் பூ வைத்துத்தான் ஆட்டத்தையே ஆரம்பிப்போம். பூ என் வீட்டுத் தொட்டியில் பூத்த மல்லி, நானே தொடுத்தது. அந்த வருடம் டாலஸ் டீமில், இர்விங்கிலிருந்து புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். நல்ல உயரம். நான் எக்கி எக்கிப் பார்த்தும் எட்டவில்லை. சிரித்துக்கொண்டே முழங்காலை மடக்கிக் குனிந்தாள்.

"என்ன வாசம்ங்க அக்கா! இந்த ஊருக்கு வந்தப்புறம் இன்னிக்குத்தான் பூ வெக்கறேன்" என்றாள். அசல் கோயமுத்தூர்ப் பேச்சு. எனக்கும் அதே ஊர். அங்கேயே பிடித்துப்போயிற்று.

முதல் செட்டில் அவள் பந்து போட்டாள் பாருங்கள், அப்பப்பா! என் பக்கத்து வீட்டுத் தோழி எங்கள் டீமில் இருந்தாள். அவள் பிடிக்கப் போய், விரல் மடங்கி, "அம்மா" என்று உட்கார்ந்துவிட்டாள். விரல் அப்படியே வீங்கிப்போனது. அந்த செட் எங்கள் கையை விட்டுப் போயிற்று. நான் கூலரிலிருந்து ஐஸ் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது தோழியின் கணவர் வந்தார்.

"அந்தப் பொண்ணை எனக்குத் தெரியும். காலேஜ் ஹாஸ்டல்ல எனக்குப் பக்கத்து ரூம். அப்ப பையன்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மறுபடி சொன்னார். அதற்குள் விஷயம் மைதானம் முழுக்கப் பரவிவிட்டது. அவளும் இல்லையென்று சொல்லவில்லை. இன்று திருநங்கை என்று மரியாதையாகச் சொல்கிறோம். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாயில் வரக் கூசும் வார்த்தைகள்தான். அதில் ஒன்றைக்கூட அவள் மேல் போட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

போட்டியை நடத்திய அங்கிள் என்னிடம் வந்தார். "ரூல்ஸ்ல என்னம்மா இருக்கு?" என்றார். ரூல்ஸா? பந்தை எத்தனை நொடி கையில் வைத்திருக்கலாம் என்பது தெரியும். இதற்கு நான் எங்கே போக? ஒரு பக்கம் தோழியின் வீங்கிய விரல். இன்னொரு பக்கம் பூவுக்காகக் குனிந்த தலை. இரண்டும் என் கண் முன்னால் நிஜமாக இருந்தன. "பிரச்சினை வேண்டாம்மா. நீ கேப்டன், பக்குவமா சொல்லி உட்கார வெச்சிடு" என்று அங்கிள் கழன்றுகொண்டார்.

போனேன். வலைக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தாள். அவள் டீம்காரர்கள் தள்ளி நின்றார்கள். "கொஞ்ச நேரம் வெளிய உட்காந்துக்கறியாம்மா?" என்று இழுத்தேன்.

அவள் சண்டை போடவில்லை. ஹேர்பின்னைக் கழற்றினாள். பூவை எடுத்து என்னிடம் நீட்டினாள். "அப்படின்னா இதையும் எடுத்துக்கங்க அக்கா" என்றாள்.

வைத்த பூவைத் திருப்பி வாங்குவதா? "ஐயோ, என்ன வேலை பண்றே? முதல்ல தலையைக் குனி!" என்று கத்தியே விட்டேன். நானே திரும்ப வைத்துப் பின் குத்தினேன். அப்படியே எல்லோர் பக்கமும் திரும்பி, "இவ ஆடுவா. இஷ்டமில்லாதவங்க உட்காருங்க" என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

தோழி மட்டும் கேட்டாள்: "அப்ப என் விரலு?" நியாயமான கேள்வி. அவள் போய்ப் புல்லில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பதில் வேறொருத்தி இறங்கினாள்.

அடுத்த இரண்டு செட்டும் எங்களுக்கு! முதலில் குதித்தேன், கத்தினேன். பிறகுதான் உறைத்தது. அவள் கையிலிருந்து வந்த பந்தெல்லாம் பூப்போல மிதந்து வந்து எங்கள் கையிலேயே விழுந்துகொண்டிருந்தது. எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. கப்பை வாங்கின கையோடு பார்க்கிங் லாட்டில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"எதுக்கு விட்டுக் குடுத்தே? நாங்க உங்கிட்ட பிச்சையா கேட்டோம்?"

"நான் வேகமாப் போட்டு ஜெயிச்சா, ஒரு ஆம்பளை ஜெயிச்சதாச் சொல்வீங்க. மெதுவாப் போட்டா, ஒரு பொண்ணு தோத்துப்போனதாச் சொல்வீங்க. எனக்கு அதுவே போதுங்க அக்கா."

சொல்லிவிட்டு வேனில் ஏறிவிட்டாள். அடுத்த வருடம் வரவில்லை. விசாரித்தால் வேறு ஊருக்கு மாறிவிட்டாள் என்றார்கள்.

இப்போது டிவியில் இதைப் பற்றி இரண்டு பக்கமும் அடித்துப் பேசுகிறார்கள். இவர் பேசினால் இவர் சொல்வது சரி என்று படுகிறது. அவர் பேசினால் அதுவும் சரி என்று படுகிறது. என் கணவர், "நீ எந்தக் கட்சிடி?" என்று கிண்டல் செய்கிறார். எனக்கே தெரிந்தால்தானே சொல்வேன்! ஆனால் ஷோகேஸில் இருக்கும் அந்தக் கப்பைத் துடைக்கும்போதெல்லாம் ஒரே ஒரு ஆசை வருகிறது: தலையில் என் பூவோடு அவள் முழு பலத்தையும் சேர்த்து ஒரு பந்து போட வேண்டும், விரல் போனாலும் பரவாயில்லை, அதை நான் பிடித்துப் பார்க்க வேண்டும்.