பாவா அடித்த சுண்ணாம்பு

ஈரச் சுண்ணாம்பின் வாசம் எங்கே எழுந்தாலும் எனக்கு வயிறு எரியும். மற்றவர்களுக்கு அது பொங்கலின் வாசம். எனக்குப் பாவாவின் வாசம். அக்காவின் கணவர், பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர், பக்கத்துத் தெருவுக்கும் கேட்கிற மாதிரி சிரிக்கிறவர்.

கே.ஜி.கண்டிகைக்கு அப்பால், கரட்டுக் குன்றை ஒட்டி ஒரு மண்மேடு. அதைச் சுற்றி வட்டமாகப் பெருங்கற்கள். எழுத்து பிறக்கும் முன்பே வாழ்ந்தவர்கள் தங்கள் செத்தவர்களைப் புதைத்த இடம். ஊருக்கு அது பாண்டவர் குழி. எனக்கு அது என்னுடையது. அதன் வெயிலை எழுதினேன், நிழலை எழுதினேன், காப்பாற்றுங்கள் என்று அலுவலகம் அலுவலகமாக மனு எழுதினேன். என் சொல்லுக்கு ஒரு கூழாங்கல்லும் அசையவில்லை.

கிராவல் அள்ளும் ஜேசிபி பக்கத்து மேட்டைத் தின்று முடித்தபோது, பாவா வாளிச் சுண்ணாம்போடு வந்தார். கற்களுக்கு வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்தார். திருத்தணி மலையடிவாரத்தில் வாங்கிய பித்தளை வேல் ஒன்றை மேட்டின் உச்சியில் நட்டு, எலுமிச்சம்பழம் குத்தினார்.

"இன்னா பாவா இது! பொணம் பொதச்ச எடத்துக்கு முருகன எதுக்குக் கொணாந்தீங்க?"

"காவலுக்கு வந்துகிறாரு மச்சான். நீ மனு எழுதிகினே இரு."

மறுநாள் ஜேசிபி ஓட்டுநர் இறங்கினான். செருப்பைக் கழற்றினான். கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினான். அப்படி ஒருவனைத் திருப்பிய ஒரு வரியை நான் இன்றுவரை எழுதியதில்லை.

பிறகுதான் தொல்லியல்காரர்கள் வந்தார்கள். கம்பி வேலி வந்தது, பாதுகாக்கப்பட்ட இடம் என்று பலகை வந்தது. பழங்கல்லில் சுண்ணாம்பா என்று பாவாவைத் திட்டினார்கள். அவர் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போட்டார். திட்டிய அதிகாரியம்மாவே சிரித்துவிட்டார். பித்தளை வேல் அக்கா வீட்டுச் சாமி மாடத்துக்குப் போனது. இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த வேலிக் கேட்டின் சாவி பாவாவின் சட்டைப் பைக்குப் போனது. மனு போட்டவனை யாரும் கேட்கவில்லை.

போன ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்தவன், சாயங்காலம் அங்கே போனேன். மழை விட்டிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகாத வெள்ளை, கல் இடுக்குகளில் ஈரமாக மினுங்கியது. அதே வாசம். என்றோ ஒருநாள் இதைத் தோண்டுகிறவர்கள் அந்த வெள்ளையைத்தான் படிப்பார்கள். என் வரிகளை அல்ல.

பாவா கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் உள்ளே தனியாக உட்காரவேண்டும், சாவியைக் கொடுங்கள் என்றேன். அவர் பைக்கை உதைத்துக் கிளப்பினார்.

"சாவி எதுக்கு மச்சான்? வேலி இடுப்பளவுதான், ஏறிக் குதி. நான் பாக்கல. ஆனா கல்லுல மட்டும் சாயாத, சட்டையெல்லாம் என் சுண்ணாம்பு ஒட்டிக்கும்."