ஆமாங்க தொரே

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூட்ஸ் கொட்டாயில் மூட்டை இறக்கும் அய்யாவுக்குத் தன்னைத் தானே திட்டிக்கொள்வதில் இருக்கும் சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது. சாயங்காலம் காப்பிக்கடையில் உட்கார்ந்தால் போதும். “என்னை மாதிரி ஒரு மரமண்டையை இந்த மலாயாவுல நீங்க வெளக்கு வெச்சுத் தேடினாலும் பாக்க முடியாதுண்ணே” என்று ஆரம்பித்துவிடுவான். கேட்கிறவர்களுக்குக் கதை தலைகீழ்ப் பாடம். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

பெருவெள்ளம் வந்து போன மறு வருஷம் அது. கிள்ளானிலிருந்து ஜெஞ்சாரோம் போகும் வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அய்யாவு பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தான். பிறந்ததும் அந்தத் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்தில்தான். அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வெள்ளைக்கார துரை எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்து “ஆமாங்க தொரே” என்று சொல்ல வேண்டும். இல்லை என்று வாயைத் திறந்தால் எதிர்த்துப் பேசினதாக ஆகிவிடும். மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பேர் கூப்பிட மாட்டார்கள். வெயில் கொளுத்தும்போது துரை வந்து மழை பெய்கிறதா என்று கேட்டால், நனைந்த மாதிரி உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஆமாங்க தொரே என்பான் நம்ம ஆள்.

வெளியே செலவாகாத ‘இல்லை’யையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து வீட்டில் மாரியாயி தலையில் கொட்டுவான். சாப்பிட்டியா என்றால் இல்லடி. தண்ணி எடுத்து வெச்சியா என்றால் இல்லடி. கட்டின பொண்டாட்டி அவனிடம் ஒரு ‘ஆமா’ வாங்கியது கிடையாது.

ஒருநாள் மத்தியானம், வேலை முடிந்து எல்லாரும் லயத்தில் இருந்த நேரம். ராத்திரிச் சோற்றுக்கென்று வறுத்து வைத்த கருவாட்டைக் காணோம். “நீதானே தின்ன?” என்று மாரியாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “இல்லடி!” என்று இவன் கத்தினான். சண்டை முற்றி, அக்கம்பக்கத்து ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்த சமயத்தில்தான் ரப்பர்த் தகடு உலர்த்தும் ஸ்மோக்கவுஸ் பக்கமிருந்து புகை கிளம்பியது. ஓடிப் போய்ப் பார்த்தால் கூரை பொசுங்கித் தரையில் கிடந்தது.

அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் தூங்கிப் போயிருந்தான். அவன் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பழனியப்பனுக்கு மச்சினன். மச்சினனைக் காப்பாற்ற வேறு ஒரு ஆள் வேண்டுமே! கிராணியின் கண் லயத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து அய்யாவு மேல் நின்றது. “கிராணி கெட்டவனா இருக்கலாம், ஆனா ஆளைப் பாத்து எடுக்கறதுல கெட்டிக்காரன்ண்ணே” என்பான் அய்யாவு. “இல்லைன்னு சொல்லத் தெரியாதவன் அந்தத் தோட்டத்துலயே நான் ஒருத்தன்தான் அசல்.”

ரெண்டு மாத்தா, போலீஸ்காரர்கள், வந்து கிள்ளான் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போனார்கள். அங்கே மேசைக்குப் பின்னால் வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். நீதான் தீ வைத்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டார். அய்யாவு தலையைக் குனிந்தான். “ஆமாங்க தொரே.”

அடி விழுந்ததா என்று காப்பிக்கடையில் யாராவது கேட்பார்கள். “எங்கண்ணே! அடிக்கிறதுக்கு அவங்களுக்கு வேலையே வைக்கலையே நான்.”

அப்புறம் கிள்ளான் மாஜிஸ்திரேட் கோர்ட்டு. அங்கேயும் ஒரு துரை. குற்றத்தைப் படித்தார்கள், சாட்சி கேட்டார்கள், நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார்கள். ஆமாங்க தொரே என்றான். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கும் ஆமாங்க தொரே என்றான். மாஜிஸ்திரேட் பெருமூச்சு விட்டு, கட்டிடத்துக்குத் தீ வைத்த கேஸ் தன் அதிகாரத்துக்கு மேலே என்று கோலாலம்பூர் பெரிய கோர்ட்டுக்கு அனுப்பினார். கையில் விலங்கோடு ரயிலேறி, புடு ஜெயிலுக்குள் போன பிறகுதான் அய்யாவுக்கு உறைத்தது. கூட இருந்த கைதி ஒருவன் சொன்னான், இந்தக் கேஸில் உள்ளே போனால் தலை நரைத்துத்தான் வெளியே வரணும் என்று. அப்போது மாரியாயி மாசமாக இருந்தாள். புருஷன் வேலைக்கு வராத வீட்டை லயத்தில் விட்டு வைக்க மாட்டார்கள். அன்று அய்யாவு அழுதான். அழுதுகொண்டே தன் வாயில் தானே அடித்துக்கொண்டானாம்.

மாரியாயி அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, கார்த்திகேசு என்ற யாழ்ப்பாணத்து வக்கீலின் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து போ என்றால் போகவில்லை. அவர் காரை வெளியே எடுக்க முடியவில்லை. கடைசியில் தொல்லை தாங்காமல் புடுவுக்குப் போய் அய்யாவுவைப் பார்த்தார்.

“உண்மையச் சொல்லும். நீர் தீ வைச்சனீரோ?”

“இல்லீங்க சாமி. அந்த நேரம் எனக்கும் எம்பொண்டாட்டிக்கும் கருவாட்டுச் சண்டைங்க.”

“பின்னை ஏன் ஓமெண்டு சொன்னனீர்?”

“தொரை கேட்டாருங்க.”

கார்த்திகேசு நெற்றியில் அடித்துக்கொண்டார். வீட்டில் இவன் வாயில் ‘இல்லடி’ தவிர வேறு வராது என்று மாரியாயி அவரிடம் ஏற்கெனவே புலம்பியிருந்தாள். “கோர்ட்டில நீதிபதி கேக்கேக்க, உம்மட மனுசி மாரியாயி கேக்கிறா எண்டு நினைச்சுக்கொண்டு பதில் சொல்லும். விளங்குதோ?”

“ஆமாங்க” என்றான் அய்யாவு. வக்கீலுக்கு அந்த ‘ஆமாங்க’வைக் கேட்கவே பயமாக இருந்தது.

பயந்த மாதிரியே நடந்தது. நீதிபதி சிவப்பு அங்கியும் தலையில் வெள்ளைச் சுருட்டை முடியுமாக உயரத்தில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய துரையை அய்யாவு ஜென்மத்தில் பார்த்ததில்லை. குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று அவர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் இக்னேஷியஸ் தமிழில் சொன்னார். வக்கீலும் மாரியாயியும் மனசிலிருந்து பறந்தே போனார்கள்.

“ஆமாங்க தொரே.”

கார்த்திகேசு துள்ளி எழுந்தார். இந்த ஆளிடம் வேறு ஏதாவது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று கெஞ்சினார். நீதிபதி எரிச்சலோடு யோசித்து, போன வருஷம் வந்த வெள்ளத்தைக் கொண்டு வந்தது யார், நீயா என்றார்.

“ஆமாங்க தொரே” என்று கும்பிட்டான் அய்யாவு. “இந்த ஒரு வாட்டி மன்னிச்சிருங்க.”

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இவனையே பார்த்தார். இந்த ஒப்புதலை ஏற்க முடியாது, கேஸை நடத்துங்கள் என்றார்.

கிராணி கூண்டேறி, ஸ்மோக்கவுஸ் பக்கம் இவனைக் கண்ணால் பார்த்தேன் என்றான். அன்றைக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டது யார் என்று கார்த்திகேசு கேட்கவும் நாக்கு குழறியது. மாரியாயி வந்து கருவாட்டுச் சண்டையை ஒன்று விடாமல் சொன்னாள். பொண்டாட்டி புருஷனுக்காகப் பொய் சொல்லத்தான் செய்வாள் என்று அரசாங்க வக்கீல் கையை விரித்தார். கடைசியில் நீதிபதி அய்யாவுவைக் கூண்டில் ஏறச் சொன்னார். போலீஸிடம் ஒத்துக்கொண்டது நீ. உண்மை வேறு என்றால் உன் வாயாலேயே நான் கேட்க வேண்டும் என்றார்.

“தீ வெச்சது நீதானா?” இக்னேஷியஸ் கேட்டார்.

முன் வரிசையில் தோட்டத்து துரை கால் மேல் கால் போட்டுக்கொண்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஒரு துரை, எதிரே ஒரு துரை. அய்யாவு தலையைக் குனிந்தான். “ஆ...” என்று வாய் தானாகத் திறந்துவிட்டது. அட பாவி, இவனைப் பெற்ற வயிற்றில் பிரண்டையைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும்! கார்த்திகேசு கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் அவன் மாரியாயியைப் பார்த்தான். பின்னால், கதவோரம், சரிந்த வயிற்றோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு, அன்றைக்கு நின்ற மாதிரியே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இல்லடீ! நான் வெக்கலடீ! சத்தியமா இல்லடீ!”

கூரையில் மோதித் திரும்பியது அந்தச் சத்தம். சிவப்பு அங்கி போட்ட பெரிய துரையைப் பார்த்து ஒரு தோட்டத்து ஆள் ‘டீ’ போட்டுவிட்டான். தமிழ் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இக்னேஷியஸ் வாயைத் திறந்தார், மூடினார், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். ‘இல்லை, மை லார்ட்’ என்று மட்டும் மொழிபெயர்த்து நிறுத்திக்கொண்டார்.

வெள்ளத்துக்கே பொறுப்பேற்றவனின் ஒப்புதலை வைத்து யாரையும் ஜெயிலுக்கு அனுப்ப முடியாது, கிராணியின் சாட்சியும் நிற்கவில்லை என்று சொல்லி நீதிபதி விடுதலை செய்தார். அய்யாவுக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பினான்.

வெளியே படிக்கட்டில் தோட்டத்து துரை காரில் ஏறப் போனவர் நின்று திரும்பினார். நாளைக்குப் பெரட்டுக்கு வந்துவிடு என்றார்.

“ஆமாங்க தொரே” என்று குனிந்தான் அய்யாவு. கார் திரும்பிப் போகிற வரைக்கும் குனிந்தபடியே நின்றான். சனியன் பிடித்த பழக்கம்!

மாரியாயி படியிறங்கி வந்தாள். ரெண்டு பேரும் ஆற்றோரமாக ரயில் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். கிள்ளான் ரயில் ஊதுவது கேட்டது.

“தோட்டத்துக்கா போறோம்?” என்றாள்.

“இல்லடி.”

அந்த ஒரு ‘இல்லடி’க்கு மட்டும் அவள் சண்டை போடவில்லை. கூடவே நடந்தாள். பிரிக்பீல்ட்ஸ் ரோட்டில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டாள்.

“அந்தக் கருவாட்டை நீதானே தின்ன?”

அய்யாவு நின்றான். அக்கம்பக்கம் பார்த்தான். துரை யாரும் இல்லை.

“ஆமாடி” என்றான்.