ஒட்டிக்கொண்ட இரண்டு அழைப்பிதழ்கள்

அத்தை வீட்டுத் துணிக்கொடியில் அன்று கல்யாணப் பத்திரிகைகள் காய்ந்துகொண்டிருந்தன. ரோஸ், இளமஞ்சள், குங்குமச் சிவப்பு என்று கொடி நிறைய அட்டைகள், துணிக் கவ்விகளில் வரிசையாக. பிள்ளையார் படங்களிலிருந்து பொன்மை உதிர்ந்திருந்தது. ஓரங்களில் தடவியிருந்த மஞ்சள் தண்ணீரில் கரைந்து, மணமக்கள் பெயர்வரை வழிந்து நின்றிருந்தது. இடையிடையே கறுப்புக் கரை போட்ட கருமக்கிரியைக் கார்டுகளும் தொங்கின. ஈப்போ பக்கம் லகாட்டில் அந்த வரிசை வீடுகளுக்குள் வெள்ளம் இடுப்புவரை ஏறி, வடிந்து, சில நாள்கள் ஆகியிருந்தன. அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காக்கைகளை விரட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் காக்கையிடம்தான் சொன்னார்: "பேப்பர் டாக்டர் வந்துட்டாங்க பாரு. எல்லாம் செத்த பொறவு மருந்துப் பெட்டியத் தூக்கிட்டு வாராங்க."

நனைந்த புத்தகங்களையும் கோப்புகளையும் மீட்பது என் தொழில். அதற்காகவே படித்தேன், ஈப்போவில் ஒரு சிறிய கூடத்தில் வேலை செய்கிறேன். அத்தை வீட்டுக்கும் என் கூடத்துக்கும் காரில் அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனால் வீட்டில் தண்ணீர் புகுந்ததை அவர் யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவுக்குச் சொல்லி, அம்மா எனக்குச் சொன்னார். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "கூப்ட்டு? தண்ணிகிட்ட நீ பேசிப் பாக்கவா?" என்றார்.

அப்பாவின் அக்கா அவர். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால் மரம் சீவி, அங்கேயே கல்யாணமாகி, சில வருடங்களிலேயே மாமாவை இழந்தவர். பிள்ளைகள் இல்லை. தோட்டத்தை விற்றபோது லயத்து வீட்டை விட்டு வெளியேறி, கையுறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, இந்த வீட்டை வாங்கித் தனியாக இருந்தார். சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் முதல் நாளே போய்விடுவார். காய்கறி நறுக்குவார், தேங்காய் துருவுவார். தாலி கட்டும் நேரத்தில் அடுப்படியில்தான் இருப்பார். முன்னால் வாருங்கள் என்று யாரும் அழைத்து நான் பார்த்ததில்லை. விருந்து முடிந்து திரும்பும்போது கைப்பையில் ஒரு பத்திரிகை இருக்கும். அப்படிச் சேர்ந்தவைதான் கொடியில் தொங்கியவை.

கருமக்கிரியைக் கார்டை எங்கள் ஆள்கள் வீட்டுக்குள் வைக்கமாட்டார்கள். படித்துவிட்டு வாசலில் சொருகுவார்கள். காரியம் முடிந்ததும் கிழித்துப் போடுவார்கள். அத்தை அதையும் சேர்த்தார், அதுவும் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்து. ஒருவருடைய கல்யாணம், அவர் பிள்ளையின் காதணி விழா, கடைசியில் அவரது கருமக்கிரியை: எல்லாம் ஒரே கட்டாக ரப்பர் வளையம் போட்டிருக்கும். "நல்லதையும் கெட்டதையும் ஒண்ணா போட்டு வெப்பாங்களா லா, அண்ணி?" என்று அம்மா பலமுறை சண்டை போட்டிருக்கிறார். அத்தையின் பதில் எப்போதும் ஒன்றுதான். "அந்தாளு கல்யாணத்துல ரெண்டு வாட்டி பாயசம் வாங்கிக் குடிச்சேன். செத்துட்டாருன்னு இப்ப வெளிய நிக்க வெக்கவா?"

அன்று நான் முதலில் ஒரு பட்டியல் போட்டேன். எழுதாமல் எனக்குக் கை ஓடாது. ஈரமாக இருப்பவை, பாதி காய்ந்தவை, பூஞ்சணம் கண்டவை. அதற்குள் சாதாரணத் தாள், பளபளப்புத் தாள். இந்த முறைப்படி அட்டைகளைப் பிரிக்கத் தொடங்கியதும் அத்தை எழுந்து வந்தார். "பாப்பா, அது ஆளு வாரியா இருக்கு. நீ பேப்பரு வாரியா பிரிச்சா, புருசன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கம் போயிடும். பொறவு பஞ்சாயத்துக்கு நீ வாரியா?" அதனால் ஒவ்வொரு அட்டைக்குப் பின்னும் பென்சிலால் சிறியதாக ஒரு குறி போட்டுக்கொண்டேன். ஈரமானவற்றைப் பைகளில் போட்டுக் கூடத்து உறைபெட்டியில் வைத்தேன். உறைந்துவிட்டால் பூஞ்சணம் வளராது; நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். மாதக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் செய்தேன். கூடத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். விசிறிச் சத்தமும் உறைபெட்டியின் முனகலும் மட்டும் கேட்கும். எனக்குத் தெரியாத தோட்டங்களில், எனக்குத் தெரியாத முகூர்த்தங்களில் நடந்த கல்யாணங்களுக்குத் 'தங்கள் வருகையை எதிர்நோக்கும்' அட்டைகளை உறிஞ்சுதாள்களுக்கு நடுவே விரித்து வைத்தேன். பெரும்பாலானவை பிழைத்தன.

ஒரு கட்டு மட்டும் பிழைக்கவில்லை. கொடியில் தொங்கவிட மனமில்லாமல், அத்தை அதைத் தகரக் கூரைமேல் வைத்துக் கல்லைத் தூக்கி வைத்திருந்தார். அதில் இருந்தவை இரண்டே அட்டைகள்: அவருடைய கல்யாணப் பத்திரிகை, அதன்மேல் கவிழ்ந்தபடி மாமாவின் கருமக்கிரியைக் கார்டு. கார்டு பளபளப்புத் தாளில் அச்சடித்தது, மாமாவின் படத்தோடு. அந்த மாதிரித் தாளின்மேல் வெள்ளைக் களிமண் பூச்சு உண்டு. நனைந்தால் அது பசையாகும். ஈரத்திலேயே பிரித்திருந்தால் பிழைத்திருக்கும். வெயிலில், கல்லின் அடியில் காய்ந்தபின் அது ஒரே அட்டை. மாமாவின் முகம் உள்பக்கமாக, கல்யாணப் பத்திரிகையின் எழுத்துகள்மேல் அழுந்தி ஒட்டியிருந்தது. அவருக்கு வேறு படம் இல்லை. ஐசி என்ற அடையாள அட்டையை இறப்பைப் பதியும்போதே வாங்கிக்கொண்டார்கள். கல்யாணப் படங்களைத் தோட்டத்திலேயே கறையான் தின்றுவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையைக் கூடத்துக்கு அழைத்துவந்தேன். அடியிலிருந்து வெளிச்சம் வரும் மேசைமேல் அந்த அட்டையை வைத்ததும் ஒரு தலையின் நிழல் மங்கலாகத் தெரிந்தது. நெற்றியிலும் கன்னத்திலும் எழுத்துகள் ஓடின. அந்த நிழலைப் படம் எடுத்துக்கொண்டேன். அதில் ஆள் அடையாளம் எதுவும் தெரியாது. பிறகு உள்ளதைச் சொன்னேன். முகம் வேண்டுமென்றால் கல்யாணப் பத்திரிகையைப் பின்பக்கத்திலிருந்து நார் நாராகச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பத்திரிகை வேண்டுமென்றால் முகம் இருக்கும் பூச்சைக் கரைத்துத் துடைக்க வேண்டும். இரண்டையும் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டும் பார்த்துவிட்டேன்.

முகத்தைத்தான் கேட்பார் என்று நினைத்து அதற்கான கத்திகளை எடுத்து வைத்திருந்தேன். அத்தை கொண்டுவந்த தேநீரைக் குடித்து முடித்தார்.

"அவரு மூஞ்சி எனக்குத் தெரியும் பாப்பா. கண்ண மூடுனா வருது, தொறந்தாலும் வருது. போகச் சொன்னாத்தான் போகமாட்டேங்குது. என் பேரு வேற எங்க இருக்கு, சொல்லு?"

"ஐசியில இருக்கே அத்தை."

"அது ஆபீஸ்காரன் அவன் வாய்க்கு வந்தத எழுதுனது. அது என் பேரா? கருமக்கிரியைக் கார்டுல அண்ணன் தம்பி எல்லாரு பேரும் போட்டாங்க. என்ன மட்டும் மனைவின்னுகூட போடல. இந்த ஒரு எடத்துலதான் எங்கப்பா வெச்ச மாதிரி, தமிழ்ல, முழுசா இருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது: அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அக்கா, அண்ணி, அத்தை, பெரியம்மா. தொழிற்சாலையில் எண் தைத்த சட்டை.

கார்டின் தாளைப் பின்பக்கத்திலிருந்து உரித்துவிட்டு, ஈரப் பஞ்சால் பூச்சை நனைத்து நனைத்து எடுத்தேன். பஞ்சு சாம்பல் நிறமானது. அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போய் இருங்கள் என்றதற்கு அசையவில்லை.

"மீசை போச்சா?"

"போயிடுச்சு அத்தை."

"அத எடுங்க எடுங்கன்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பேன். இப்பத்தான் எடுத்தாரு."

சிரித்தார். நான் குனிந்தபடி வேலையைத் தொடர்ந்தேன். மாலையில் எழுத்துகள் மேலே வந்தன. முதலில் 'திருவளர்செல்வி', பிறகு பெயர். ரோஸ் அட்டையில், மங்கிய சிவப்பில், முடிவில் ஒரு ழகரம். அத்தை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். இன்னொரு முறையும் படித்தார். "கொஞ்சம் சாயம் போயிருக்கு. பரவால்ல, எனக்கும் போயிருச்சு" என்றார். அழுக்குப் பஞ்சுகளை நான் குப்பைத் தொட்டியில் போடப் போனபோது கையை நீட்டினார். அவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் வாங்கி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வேலை முடிந்தபின் அவரைப் பார்க்கப் போகக் காரணங்கள் குறைந்தன. போவேன். தேநீர் போடுவார். மேல்தட்டில், தண்ணீர் எட்டாத உயரத்தில், ஆள்வாரியாக அடுக்கிய பெட்டிகளைக் காட்டுவார். வெளியே லாரிகள் போகும் சத்தத்தைக் கேட்டபடி இருவரும் உட்கார்ந்திருப்போம்.

இந்த ஆண்டு அவர் இறந்தார். கருமக்கிரியை அழைப்பு கைப்பேசியில் வந்தது. சொந்தக்காரர்கள் குழுவில் ஒரு படம்: விளக்கு, தாமரை, அத்தையின் முகம், கீழே பெயர். இப்போதெல்லாம் அட்டை அடிப்பதில்லை, அனுப்பினால் போதும். அதைத் தயாரித்தவன் கிள்ளானில் இருக்கும் சித்தப்பா மகன். மலாய்ப் பள்ளியில் படித்தவன், பாசக்காரன், மருத்துவமனைக்கும் சுடுகாட்டுக்கும் ஓடியவன் அவன்தான். பெயரில் ழகரம் இருந்த இடத்தில் லகரம் இருந்தது. அவனைக் கூப்பிட்டேன்.

"ஐசியில எப்படி இருக்கோ அப்படியே டைப் பண்ணேன்கா. போனே தமிழ்ல மாத்திடுச்சு. தப்பா?"

"தப்பு தம்பி."

"ஐயோ. சரிக்கா, இப்பவே மாத்திடறேன். ஆனா எல்லாருக்கும் போயிடுச்சே லா. யாரு கவனிக்கப் போறா?"

உடனே மாற்றி அனுப்பினான். அதற்குள் முதல் படம் பாகான் டத்தோ, பினாங்கு, ஜொகூர் என்று போய்ச் சேர்ந்திருந்தது. அதன் அடியில்தான் கைகூப்பிய படங்கள் வந்து குவிந்தன. திருத்திய படத்துக்கு யாரும் எதுவும் போடவில்லை. பார்த்த முகம்தான் என்று கடந்திருப்பார்கள். எவரும் பெயரைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குப் போய், திருத்திய படத்தை அமிலமில்லாத தாளில் ஒரே ஒரு படி எடுத்தேன். காரியம் முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடச் சொன்னார் அம்மா. சரி என்றேன். கிழிக்கவில்லை. அத்தையின் பெட்டிகள் இப்போது என் வாடகை அறையில் கட்டிலைச் சுற்றி இருக்கின்றன; கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. நானும் இதில் கடைசிவரை அத்தை என்றே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் பெயர் தேன்மொழி.