நீலச் சட்டையில் நாலு சிவப்புத் தையல்

பிறர் உடுப்பைத் திருத்திக் கொடுக்கிற வேலையில் ஒரு வசதி, நாங்கள் விட்ட பிழையைப் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் திரிகிறவர் வேறொருவர். எண்பதுகளில், புலம்பெயர்ந்து வந்த நாட்டில், மவுண்ட் ரோஸ்கில் என்ற புறநகரில் ஒரு ட்ரை கிளீனிங் கடையின் பின்னறையில் உடுப்புகளுக்கு சிப் மாற்றி, ஓரம் மடித்துக் காலம் தள்ளினேன். ஊசி குத்திய விரலோடு இதை வாசிக்கிறவர்களுக்கு மேலே விளக்கம் தேவையில்லை.

ஒரு எழுத்து

எங்கள் வாடிக்கையாளர் உம் கலீல் பலஸ்தீனக்காரி. கலீலின் தாய் என்று அர்த்தமாம். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதல் நாள், நெஞ்சிலும் கீழ் ஓரத்திலும் சிவப்பு நூல்வேலை செய்த நீளக் கறுப்புச் சட்டையை மேசையில் விரித்தார். தோப் என்றார். என் ஊரைக் கேட்டார்.

"ஜாஃப்னா" என்றேன். அவருக்கு "ஜாஃபா" என்று கேட்டிருக்கிறது. சின்ன வயதில் அகதியாக விட்டு வந்த அவருடைய ஊர் அது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, கடற்கரைக்குக் கிட்டவா வீடு என்று கேட்டார். ஓம் என்றேன். என் வீடு கடற்கரைக்குக் கிட்டத்தான். நாலைந்து நிமிடம் இருவரும் வெவ்வேறு கடலைப் பற்றிக் கதைத்தோம். இலங்கை என்ற சொல் வந்ததும் அவருக்குப் பிழை விளங்கியது, ஆனால் கையை விடவில்லை.

"ஒரு எழுத்துக் கூடிப்போச்சு. பரவாயில்லை, நீயும் திரும்பிப் போக ஏலாத ஆள்தானே."

கட்டையான மரங்கள்

அந்தத் தோப்பின் கீழ் ஓரம் பிய்ந்திருந்தது. எல்லாருக்கும் செய்கிற மாதிரி இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்து, அழுத்தி அயர்ன் பண்ணிக் கொடுத்தேன். உம் கலீல் பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். ஓரத்தில் வரிசையாக நின்றவை சைப்ரஸ் மரங்களாம். நான் அவற்றை இடுப்புவரை புதைத்திருந்தேன்.

அவர் முன்னாலேயே பிரித்தேன். பிரிக்கப் பிரிக்க, இது ஆரஞ்சுத் தோடம்பூ, இது சைப்ரஸ் என்று காட்டிக்கொண்டு வந்தார். கடை முதலாளி பெவ் எட்டிப் பார்த்து, சட்டையில் எதற்கு மரம் என்று கேட்டாள். உம் கலீல்தான் பதில் சொன்னார்.

"நட்டது எல்லாம் அங்கை நிண்டுபோச்சு. இது எண்டால் சூட்கேசுக்குள்ளை வரும்."

நூல் தீர்ந்த நாள்

உம் கலீல் விதவை. அடுத்த முறை கொண்டு வந்தது நீல நூல்வேலை செய்த தோப். கார்க் கதவில் மாட்டிச் சட்டைக்கை கிழிந்திருந்தது. முக்கால்வாசி தைத்தபோது என் நீல நூல் தீர்ந்தது. நாலு சிவப்புத் தையலால் முடித்தேன். வடிவாய்த்தான் இருந்தது.

அதைப் போட்டுக்கொண்டு ஒரு கலியாணத்துக்குப் போயிருக்கிறார். அவருடைய தாயின் ஊர்ப்பக்கத்தில் விதவைகள் நீல நூலால்தான் தைப்பார்களாம். நீலத்துக்குள் சிவப்பு வந்தால், மறுமணத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். அதை வாசிக்கத் தெரிந்த ஒருத்தி அங்கே இருந்திருக்கிறாள். அந்தக் கிழமையே இரண்டு ஆண்களின் சகோதரிகள் சம்பந்தம் பேச அவர் வீட்டுக்குத் தேத்தண்ணிக்கு வந்துவிட்டார்கள்.

கதையைச் சொல்லிவிட்டுச் சட்டையை மேசையில் வைத்தார். அந்த நாலு தையலையும் பிரிக்கக் கத்தரியை எடுத்தேன். அவர் சட்டையைத் தன் பக்கம் இழுத்தார்.

"கொஞ்சம் பொறு. அந்த ரெண்டு பேரிலை ஒருத்தர் ரானுயியிலை மெக்கானிக். என்ரை கார் காலமை ஸ்டார்ட் ஆகிறேல்லை."

நெஞ்சுத் துண்டு

சில மாதம் கழித்துக் கறுப்புத் தோப் திரும்பி வந்தது. துணி இற்றுவிட்டது. தாய் தைத்த நெஞ்சுத் துண்டை மட்டும் கழற்றிப் புதுத் துணியில் பொருத்த வேண்டும், மெக்கானிக்கோடு கலியாணம். பிசகினால் திரும்பத் தைத்துத் தர அந்தத் தாய் இல்லை. மூன்று நாள் நான் ரேடியோகூடப் போடவில்லை.

முடித்துக் கொடுத்தபோது உம் கலீல் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உட்புறம் திருப்பி, முடிச்சு முடிச்சாக விரலால் தடவினார். பிறகு சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அம்மா எண்டால் ரெண்டு பிழை பிடிச்சிருப்பா. நான் ஒண்டுதான் கண்டனான்."

ஒரு சட்டையில் ஊசி வைக்க முன் அது என்ன சொல்கிறது என்று சொந்தக்காரியிடம் கேட்பதுதான் முறை, ஆனால் கேட்காமல் வைத்ததற்குத்தான் எனக்குக் கலியாணச் சாப்பாடு கிடைத்தது.