பஸ்ஸில் அடித்த இரண்டாவது ஷாக்

இன்று காலை வேங்கிக்காலில் இருந்து டவுன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் திடீரென்று "ஐயோ!" என்று அலறினார். உடம்பு தூக்கிவாரிப் போட்டு முன்சீட்டில் போய் மோதினார்.

கண்டக்டர் முறைத்தார். "இன்னா சார், காலையிலயே போட்டுட்டீங்களா?"

"இவர் குடிக்கலைங்க. இதயத் துடிப்பு தாறுமாறா போனா ஷாக் குடுக்கற மெஷின் நெஞ்சுல வெச்சிருக்கு. அதுதான் அடிச்சுது."

சுற்றி இருந்தவர்கள் சட்டென்று விலகினார்கள்.

ஒருமுறை அடித்தால் போன் செய்யுங்கள், இரண்டாவதும் அடித்தால் உடனே வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு கையால் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனில் நம்பரைத் தேடினேன். அதற்குள் இரண்டாவதும் அடித்தது. என் விரலிலும் சுரீரென்றது. பயத்தில் அவர் கையை உதறிவிட்டேன்.

பின்சீட்டில் இருந்த பூக்கார அம்மா கூடையைத் தள்ளிவிட்டு வந்து அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டார். "நான் புடிச்சிக்கிறேன், நீ போன் போடும்மா. யோவ் டிரைவரு, எங்கயும் நிக்காத, ஆஸ்பத்திரிக்கு வுடு!"

பஸ் எங்கேயும் நிற்கவில்லை.

இப்போது ஆபத்து இல்லை. "ரெண்டு தடவையும் அந்த மெஷின்தான் உயிரைக் காப்பாத்தியிருக்கு. அப்ப தொட்டாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்றார் டாக்டர். எனக்குத் தலை நிமிரவில்லை.

ஐசியூவில் படுத்துக்கொண்டு இவர் சிரிக்கிறார். "அக்னி சாட்சியா புடிச்ச கையை அப்பிடியா உதறுவ?"

யாராவது ஒரு நல்ல பதில் சொல்லுங்கள். ஐந்து மணிக்கு என்னை மறுபடி உள்ளே விடுவார்கள்.